பத்து பவுண்டுக்கு வாங்கிய வீடு

புளித்த பால் ஊற்றிக் கெட்டிப்படுத்திய தரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் நின்றேன். சுண்ணாம்புக் கல்லை இடித்துப் பரப்பி, அதன்மேல் புளித்த பாலைத் தேய்த்து இறுக வைத்த தரை அது. காலுக்குச் சில்லென்று இல்லை. வெள்ளையும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம், அங்கங்கே லேசான பள்ளம்.

இங்கிலாந்தின் கிழக்கு சசெக்ஸில், கக்மியர் ஆற்றுப் பக்கம் உள்ள ஆல்ஃபிரிஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது இந்த வீடு. 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. பின்னாளில் பாதிரியார்கள் குடியிருந்ததால் 'கிளர்ஜி ஹவுஸ்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெர்விக் ரயில் நிலையத்தில் இறங்கியபோது பஸ் போய்விட்டிருந்தது. சரி என்று வயல் ஓரமாக நடந்தே போனேன். மாதா கோயிலைத் தாண்டியதும் புல்வெளி ஓரத்தில் வேய்ந்த கூரை தெரிந்தது.

இந்த வகை வீட்டை 'வீல்டன்' வீடு என்கிறார்கள். நடுவில் ஒரு கூடம், இரண்டு பக்கமும் மாடி அறைகள். மாடி அறைகள் கீழ்ச்சுவரைவிடக் கொஞ்சம் முன்னால் துருத்தி நிற்கும். கூடத்துக்கு மாடி கிடையாது, அதனால் அதன் சுவர் உள்ளடங்கியே இருக்கும். ஆனால் கூரை மட்டும் மூன்றுக்கும் சேர்த்து ஒரே நேர்கோட்டில் ஓடும். நடுவில் அந்தரத்தில் நிற்கும் கூரை விளிம்பை வளைந்த மரக்கைகள் தாங்கிப் பிடிக்கும். வாசலில் நின்று இந்த ஒரு விஷயத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடத்துக்கு ஏன் மாடி இல்லை? புகைதான் காரணம். அன்று புகைபோக்கி இல்லை. கூடத்தின் நடுவில் தரையிலேயே தீ மூட்டுவார்கள். புகை மேலே எழும்பி, கூரை வழியாகத்தான் கசிந்து போகும். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கைமரங்கள் வரை ஒரே வெளி. இந்த உயரம் எனக்கு ஒரு கோயில் மண்டபத்தின் உணர்வைத் தந்தது.

வீட்டின் எலும்புக்கூடு முழுக்க ஓக் மரம். காய்ந்த ஓக்கில் உளி எளிதில் இறங்காது. அதனால் ஈரம் காயாத மரத்தையே செதுக்குவார்கள். ஒரு கட்டையில் துளை, இன்னொன்றின் முனையில் அதற்குள் நுழையும் நாக்கு, இரண்டையும் துளைத்து ஒரு மர ஆணி. இரும்பு ஆணிக்கு வேலையே இல்லை. கட்டிய பிறகு மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும், இணைப்பு இன்னும் இறுகும். இங்கே தூண்கள் கோணலாக நிற்பதைப் பழுது என்று நினைக்கக் கூடாது. அந்தக் கோணல்தான் வீட்டைக் கட்டிப் பிடித்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டங்களுக்கு நடுவே மிளாறு பின்னிய தட்டி. அதன்மேல் களிமண், வைக்கோல், சாணம் குழைத்த பூச்சு. பாரத்தை மரம் தாங்கிக்கொள்வதால் சுவருக்கு அடைக்கும் வேலை மட்டும்தான். பூச்சு உதிர்ந்தால் அந்தக் கட்டத்தை மட்டும் புதிதாகப் பூசிக்கொள்ளலாம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வீடு இடியும் நிலைக்கு வந்துவிட்டது. ஊர்ப் பாதிரியார் அலையாய் அலைந்து உதவி தேடினார். 1895இல் சமூக சேவகி ஒக்டேவியா ஹில் முதலான மூவர் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற, பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் அமைப்பு, அடுத்த ஆண்டே, 1896இல், இதை 10 பவுண்டுக்கு வாங்கியது. அவர்கள் வாங்கிய முதல் கட்டடம் இதுதான். இன்று அந்த அமைப்பின் கையில் எத்தனையோ மாளிகைகள் இருக்கின்றன. முதலில் கை வைத்தது ஒரு கூரை வீட்டில் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கிளம்பும் நேரத்தில், அங்கிருந்த பெரியவர் ஒருவர் கூடத்து மூலையைக் காட்டினார். மர விளிம்பில் ஒரு ஓக் இலை செதுக்கியிருந்தது. டிரஸ்டின் சின்னமான ஓக் இலை இதைப் பார்த்து வந்ததாகச் சிலர் சொல்வார்களாம். அப்புறம் அவர் கதவைச் சாத்தப் போனார். நான் இன்னும் ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, நரம்பு நரம்பாக அந்த இலையைப் பார்த்துவிட்டு வந்தேன்.