அவள் முக்கேல்லை, அடக்கினவள்

மூண்டு வயசு மகள் கதவுச்சீலைக்குப் பின்னால போய், காலை இறுக்கிக்கொண்டு முகம் சிவக்க நிப்பாள். மலம் போக முக்கிறாள், வருகுதில்லை எண்டுதான் நாங்கள் நினைச்சம். டொக்டர்தான் விளங்கப்படுத்தினவர், அவள் அடக்கிறாளாம். ஒருக்கா இறுகிப் போய் நொந்திருக்கு. அந்தப் பயத்தில அடக்க, உள்ள கிடக்கிற மலத்தின்ர தண்ணியைக் குடல் உறிஞ்ச, அது இன்னும் கல்லாகுது. அடுத்தமுறை இன்னும் நோகுது.

இடையில உடுப்பில மலம் கசிஞ்சதுக்கு நான் அவளை ஏசினனான். இறுகிக் கிடக்கிறதைச் சுத்தித்தான் அது கசியிறது, பிள்ளைக்கே தெரியாது. இப்பவும் நினைக்க நெஞ்சு அடைக்குது.

பால்மாவை ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றருக்குள்ள குறைச்சம். பால் நிரம்பின வயித்துக்குச் சோறும் முருங்கையிலை வறையும் எங்க இறங்கும்? பப்பாப்பழம் விருப்பமாத் தின்னுறாள். சாப்பிட்ட கையோட குடல் தானா அசையுமாம். அந்த நேரம் காலுக்குக் கீழ ஒரு பலகை வைச்சு அஞ்சு நிமிசம் இருத்துறம். மலத்தை இளக்கிற லக்ருலோஸ் பாணியும் குடுக்கிறம். இளகினவுடன நிப்பாட்டாதேங்கோ, மாசக்கணக்கில தேவைப்படும்.

அம்மம்மா மலவாசலில சவர்க்காரத் துண்டு வைக்கச் சொன்னவ. தயவுசெய்து வேண்டாம், உள்தோல் புண்ணாகும்.

வயிறு ஊதி, பச்சையாச் சத்தி எடுத்தா உடன ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ. பிறந்த குழந்தைக்கு 48 மணித்தியாலத்துக்குள்ள முதல் மலம் போகாட்டியும் அப்பிடித்தான்.

இண்டைக்குக் காலமை அவளாவே "அம்மா, கக்கா வருது" எண்டு கூப்பிட்டவள்.