மேகத்துக்கு ஏறும் சுழல் படிக்கட்டு தயார்

நான் செய்துகொண்டிருக்கும் குட்டி மாதிரியில் ஒருவழியாகப் படிக்கட்டு நேராக நிற்கிறது. உச்சியில் மேகத்தட்டையும், ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் டிவி தொடரில் டாக்டர் காலப்பயணம் செய்யும் நீலப் பெட்டியான டார்டிஸையும் ஏற்றியாயிற்று, அசையவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

டாக்டர் ஹூவின் 2012 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோட் ‘தி ஸ்னோமென்’ பார்த்தவர்களுக்கு எந்தக் காட்சி என்று சொல்ல வேண்டியதில்லை. 1892 லண்டன், பூங்கா, பனி, இரவு. அந்தரத்திலிருந்து ஏணியை இழுத்து இறக்கி, கீழே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாத சுழல் படியில் கிளாரா என்ற பெண் ஏறிக்கொண்டே போனால், மேகத்தின்மேல் நீலப் பெட்டி. 2005இல் டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட்டோடு கிறிஸ்துமஸ் எபிசோட் மறுபடி ஆரம்பித்ததிலிருந்து வந்தவற்றில் இந்தக் காட்சிக்கு ஈடு கிடையாது என்பேன்.

அளவு 1:48. டார்டிஸ் பெட்டி சுலபமாக முடிந்தது. மேட் ஸ்மித் டாக்டராக நடித்த காலத்துப் பெட்டி என்பதால் ஜன்னல் சட்டம் வெள்ளை, வலது கதவில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முத்திரை. இந்த இரண்டையும் விட்டால் வேறு டாக்டரின் பெட்டியாகிவிடும்.

உயிரை வாங்கியது படிக்கட்டுதான். நடுத்தண்டு 2 மி.மீ. பித்தளைக் குழாய், உச்சி விளக்குக்கான மெல்லிய செப்புக் கம்பிகள் அதற்குள்ளேயே போகின்றன. ஒரு படிக்கு 3.75 மி.மீ. ஏற்றம்: 0.75 பிளாஸ்டிக் தகடு, அதன் கீழே 3 மி.மீ. நீளப் பிளாஸ்டிக் இடைக்குழாய். இப்படி 48 படி. இடைக்குழாய் நீளத்தில் 0.1 பிசகினால் உச்சிக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட 5 மி.மீ. ஆகிவிடும். அதைக்கூடச் சமாளிக்கலாம். குழாயின் முனை துளி சாய்வாக வெட்டுப்பட்டால்தான் வினை: ஒவ்வொரு படியும் முந்தையதன் சாய்வை வாங்கிக்கொண்டு, மொத்தமும் ஒரு பக்கமாக வளைகிறது. பிளேடால் எவ்வளவு நிதானமாக வெட்டினாலும் முனை சதுரமாக வராது.

வழி இரும்புப் பட்டையில் கிடைத்தது. வெல்டிங் பட்டறையில் 3 மி.மீ. தடிமன் பட்டையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, குழாய் இறுக்கமாக நுழையும் அளவுக்குச் செங்குத்தாகத் துளை போட்டேன். குழாயைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, துளையில் செருகி, துருத்தும் முனைகளை இரண்டு பக்கமும் உப்புத்தாளில் தேய்த்தால், பட்டையோடு மட்டமாகிவிடும். இரும்பு தேயாது, பிளாஸ்டிக் மட்டும் தேயும். வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால் எல்லாத் துண்டும் ஒரே அளவு! 

திருப்பம் படிக்கு 15 டிகிரி. அடியில் கோணம் வரைந்த தாள். ஆறாவது படி சரியாக 90இல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பசை. கைப்பிடிக்கு 0.5 பித்தளைக் கம்பி. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்காமல் சுற்றினால் விரிந்துகொள்ளும்.

மேகத்துக்குத் தலையணையில் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சுதான் சரி. இலவம்பஞ்சு அமுங்கிப் படிந்துவிடுகிறது. நீலப் பெயின்ட் அனுப்பிய கடையைப் பற்றி என்ன சொல்ல? மூடி சரியாக இறுகாமல், பாதி உறைந்த புட்டி. மாற்றியும் தரவில்லை.

பூங்காத் தரை இன்னும் வெறும் பலகை. அதற்குள் மனசு 2010 கிறிஸ்துமஸ் எபிசோடுக்குப் போய்விட்டது: மூடுபனிக்குள் நீந்தும் மீன்கள், நடுவில் தெருவிளக்கு. அதற்காக ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் ரெசின் கூட விசாரித்துவிட்டேன். ஆனால் முதலில் கிளாராவின் கல்லறைக் கல்லைச் செய்ய வேண்டும். பிறப்பு 1866 நவம்பர் 23, இறப்பு 1892 டிசம்பர் 24. நவம்பர் 23, 1963இல் தொடர் ஆரம்பித்த தேதி. அதனாலேயே அந்த எழுத்து படிக்கும்படி வர வேண்டும்.

அப்புறம் தரைப் பனி. சமையல் சோடா நாளடைவில் மஞ்சளாகிவிடும். கல்மாவுக் கோலப்பொடியை ஃபெவிகாலில் குழைத்து ஒரு ஓரத்தில் பூசி வைத்திருக்கிறேன். காய்ந்த பிறகு வெடிக்காமல் இருக்க யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.