முற்றுகைக்குள் வாங்கிய நிலம்

நாளை என்ன ஆகுமோ என்று தவித்த சென்ற ஆண்டின் பல இரவுகளில் என் ஜெபம் ஒரே மாதிரிதான் அமைந்தது. "ஆண்டவரே, உம்மால் ஆகாதது ஒன்றுமில்லை" என்று தொடங்குவேன்; இரண்டு நிமிடத்துக்குள், வேலை நிலைக்குமா, அப்பாவின் பரிசோதனை முடிவு எப்படி வரும் என்ற கேள்விகளில் வந்து நிற்பேன். அதை விசுவாசக் குறைவு என்றே எண்ணி வெட்கப்பட்டேன். வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்த பிறகுதான் அந்த வெட்கம் நீங்கியது.

யூதா நாட்டைச் சிதேக்கியா அரசாண்ட பத்தாம் ஆண்டு அது. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்க, நகரம் விழும் என்று உரைத்ததற்காக எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் உறவினன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஊர். எதிரி சூழ்ந்து நிற்கும்போது அங்கே நிலம் வாங்குவதை எந்தக் கணக்கும் ஏற்காது. ஆனால் இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்த எரேமியா, 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்; சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள்; முத்திரையிட்ட கிரயப்பத்திரத்தையும் திறந்த பிரதியையும் நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி, தம் எழுத்தர் பாருக்கிடம் ஒப்படைக்கிறார். (1947-இல் சாக்கடலருகே கும்ரான் குகையில் கிடைத்த பழைய வேதச் சுருள்களும் மண்ஜாடிகளில்தான் ஈராயிரம் ஆண்டுகள் தாங்கியிருந்தன.)

என்னைத் தொட்டது இதற்குப் பின் வரும் ஜெபம். பத்திரம் கைமாறிய பிறகே அவர் ஜெபிக்கிறார். "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்று துதித்துத் தொடங்கியவர், நகரமோ கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ நிலத்தை வாங்கச் சொன்னீர் என்ற திகைப்பில் முடிக்கிறார். கீழ்ப்படிந்த பிறகும் அவருக்குப் புரியவில்லை. அதற்காகக் கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, முற்றுகையை விலக்கவுமில்லை. நகரம் விழும் என்பதை மறுபடியும் சொல்லி, அதற்கப்பால் இந்த மண்ணில் மீண்டும் நிலங்கள் வாங்கப்படும் என்று வாக்களிக்கிறார்.

சமாதானத்துக்கேதுவான நினைவுகளைப் பற்றிய எரேமியா 29:11-ஐ உடனடி விடுதலைக்கான வாக்காக நாம் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். அதற்கு முந்தைய வசனமோ, பாபிலோனில் 70 ஆண்டுகள் முடிந்த பிறகே ஜனங்கள் திரும்புவார்கள் என்கிறது. அந்தக் கணக்கை அறிவித்தவரே எரேமியாதான். ஆகவே அந்த நிலத்தில் தாம் உழுது விதைக்கப்போவதில்லை என்று தெரிந்தே அவர் வெள்ளியை நிறுத்திருக்க வேண்டும். எனக்கு இதுவே கிறிஸ்தவ நம்பிக்கையின் மிக நேர்மையான சித்திரமாகப் படுகிறது. காணாததை நம்பிப் பொறுமையோடு காத்திருப்பதாகப் பவுல் ரோமர் 8-இல் எழுதும்போதும், அந்த மண்பாண்டம்தான் என் கண்முன் வருகிறது.

அப்பாவின் அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்றிரவும் என் ஜெபம் "ஆனால், ஆண்டவரே" என்பதில்தான் வந்து நின்றது. அதை மாற்றிச் சொல்ல முயலாமல், அப்படியே ஆமென் சொல்லிவிட்டுப் படுத்தேன்.