இரண்டு விசில்

செப்டம்பர் 2, 2024, திங்கள்

ஆபீசில் பொறுப்புக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. இன்று முதல் பெரிய தப்பு, அதுவும் என் தப்பு.

பாரிமுனையில் எங்களுடையது சின்ன கிளியரிங் ஆபீஸ், கப்பலில் வரும் சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை. புதிதாகச் சேர்ந்த பையனிடம் காலையில் ஒரு ஃபைலைக் கொடுத்து, "மணலி யார்டுக்குப் போய் கண்டெய்னரை எடுக்கிற வேலையைப் பாரு" என்று அனுப்பினேன். கண்டெய்னரை எடுக்கலாம் என்று கப்பல் கம்பெனி எழுதித் தரும் டெலிவரி ஆர்டருக்குத் தேதிக் கெடு உண்டு. இதற்கு சனிக்கிழமையே கெடு முடிந்துவிட்டது. முதலில் அவர்கள் ஆபீசுக்குப் போய்த் தேதியை நீட்டித்து வாங்க வேண்டும். எனக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. போனில் பேசிக்கொண்டே ஃபைலை நீட்டியவள், அதை மட்டும் சொல்லவில்லை.

நாலு மணி வரை யார்டு வாசலில் வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினான். ஒரு நாள் வாடகை கூடுதலாக விழுந்தது. அதைவிடக் கொடுமை, எல்லார் முன்னாலும் "தேதியைப் பார்க்க மாட்டியா?" என்று நான் கேட்டது. அவன் பதில் பேசவில்லை. சட்டைக் காலரில் வியர்வை காய்ந்து உப்பு பூத்திருந்தது. தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

திருவொற்றியூர் தேரடியில் பிராட்வே பஸ். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில். ஆனாலும் எனக்கு பஸ்தான். சாதாரணக் கட்டண பஸ்ஸில் அதே வருடம் மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் காசு இல்லை. மாதக் கணக்கில் பார்த்தால் அது எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டருக்கு உதவுகிறது.

டோல்கேட் தாண்டியதும் கால் வைக்க இடமில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு ஆயா, காலி மீன் கூடையோடு ஏறினார். கூடை முதலில் ஏறியது, அப்புறம் ஒரு கால். இன்னொரு கால் ரோட்டில். பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரனை விடாமல் அடிக்கிறது, டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடுகிறார். கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்திருந்தார். ஊதவில்லை. சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பேர் தோளுக்கு நடுவே தலையை விட்டுப் படியைப் பார்த்தார்.

"ஆயா, கம்பிய புடிச்சிக்கினியா?"

"புடிச்சிக்கினேன், ஊது ராசா."

அப்புறம்தான் இரண்டு விசில்.

வருடக்கணக்காக அந்த இரண்டு விசிலைக் கேட்கிறேன், இன்றுதான் அது மனதில் தைத்தது. டிரைவருக்கு ரோடு தெரியும், பின்படி சரியாகத் தெரியாது. விசில் வந்துவிட்டால், எல்லாரும் ஏறியாயிற்று என்று நம்பி கியர் போடுகிறார். ஆகவே ஊதுகிறவர் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஊத வேண்டும். நேற்று நான் பார்க்காமலே ஊதினேன். பையனுக்கு ஒரு கால் ரோட்டில் இருந்தது.

செப்டம்பர் 4, புதன்

மன்னிப்புக் கேட்டேன். தனியாக அழைத்துக் கேட்கலாமா என்று முதலில் யோசித்தேன். திட்டியது எல்லார் முன்னாலும், ஆகவே இதையும் எல்லார் முன்னாலும் செய்தேன். "பரவாயில்லக்கா" என்றான். முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. தெளிய நாளாகும்.

செப்டம்பர் 6, வெள்ளி

திருவொற்றியூர் ஹை ரோட்டில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன. திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு நடந்து மின்சார ரயில் பிடித்தேன். வேண்டுமென்றே கடைசிப் பெட்டி. கார்டு எப்படி ரயிலை எடுக்கச் சொல்கிறார் என்று பார்க்க ஆசை.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவர் பிளாட்பாரம் முழுக்க ஒருமுறை கண்ணை ஓட்டுகிறார். ஓடி வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் பெட்டிக்குள் ஏறும் வரை கை மணிப் பொத்தான் மேலேயே இருந்தது. இங்கேயும் இரண்டு மணிதான், பஸ் விசில் மாதிரியே. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. அன்றும் யாரோ ஒருவர் பின்னாலிருந்து பார்த்துத்தான் அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். 2022 ஜனவரியில் கார்டுகளுக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று ரயில்வே பெயர் மாற்றியது. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. ரயிலை ஓட்டுவது இன்னொருவர், இவர் கடைசியில் நிற்கிறார், ஆனாலும் இவர் சொல்லாமல் ரயில் நகராது.

செப்டம்பர் 9, திங்கள்

மறுபடி பஸ். அதே கண்டக்டர் இல்லை, இவர் இளவயது. முன்னால் நின்றவர் கொடுத்த நூறு ரூபாய் நாலு கை மாறிப் பின்னால் போனது. டிக்கெட்டும் மீதியும் அதே நாலு கை வழியாகத் திரும்பி வந்தன. நானும் ஒரு கை. சில்லறை என் உள்ளங்கையில் சூடாக இருந்தது. மீதி வந்ததை அந்த மனிதர் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, பையில் போட்டுக்கொண்டார். ஆபீசில் ஒரு ஃபைல் நாலு மேஜை தாண்டிப் போனால் நான் நாலு தரம் போன் செய்கிறேன். அதையும் குறைக்க வேண்டும்.

பதினோரு மணிக்குப் பையனிடம் புது ஃபைல் கொடுத்தேன். போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "எங்கே போறே, முதல்ல என்ன செய்யப்போறே, சொல்லு" என்றேன். அவன் டெலிவரி ஆர்டரை எடுத்து, தேதியின் மேல் விரலை வைத்தான்.

"இன்னைக்கு வரைக்கும்தான் இருக்குக்கா. யார்டுல லேட்டானா போச்சு. கப்பல் கம்பெனி ஆபீஸ் போய் ரெண்டு நாள் நீட்டி வாங்கிட்டு, அங்கேருந்தே மணலி போயிடறேன்."

எனக்கே அது தோன்றவில்லை. சரி, கிளம்பு என்றேன்.