உடைந்த இன்சர்ட்டோடு வரவும்

பெங்களூரின் தொழிற்பேட்டையான பீன்யாவில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் பீன்யா இண்டஸ்ட்ரி மெட்ரோ நிலையத்துப் படிகளில் நின்று பாருங்கள். கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா எல்லாம் கலந்து இறங்கி வரும். இந்தத் தடத்தில் 2014 மார்ச்சில் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து நான் பார்க்கும் காட்சி இது. ஆகவே, கணினிக் கட்டளையில் ஓடும் சி.என்.சி. மெஷின்களுக்கான எங்கள் புரோகிராமர் குழு படுத்துப்போனதற்கு ஆள் வராததுதான் காரணம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வந்தவர்களை விரட்டியது நாங்கள் நடத்திய கூட்டம்தான்.

லேத்துக்கும் மில்லிங்குக்கும் புரோகிராம் எழுதுகிறவர்களும் மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டர்களும் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் பேசலாம் என்று தொடங்கிய குழு இது. கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் பலர். தும்கூர், மண்டியாக்காரர்கள் பலர். நாளடைவில் யாருக்கோ கௌரவ ஆசை வந்தது. யஷ்வந்த்பூரில் ஓட்டல் கூடம், குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர். டூல் விற்கும் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து வெட்டுமுனைக்கான கார்பைடு ரகங்களின் அட்டவணையைத் திரையில் ஓட்டுவார். கேட்பவர்களுக்குப் பை, பேனா, பிரியாணி. தன் பட்டறையில் முந்தின நாள் நாற்பது ஜாப் (மெஷினில் வெட்டிய துண்டு) ரிஜெக்ட் ஆகி முதலாளியிடம் திட்டு வாங்கிய பையன், அந்தக் கூடத்தில் எழுந்து நின்று அதைச் சொல்வானா? கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவான். அடுத்த மாதம் சாப்பிடக்கூட வரமாட்டான். கடைசியாக நடந்த கூட்டத்தில் மேடையில் இருந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தக் கீழே ஆள் போதவில்லை. பிறகு ஆயுத பூஜை வாழ்த்துப் படங்கள் அனுப்பிக்கொள்வதோடு குழு நின்றுபோனது.

மறுபடியும் தொடங்கலாம் என்று நாங்கள் சிலர் பேசியபோது நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். மேடை கூடாது. வருகிறவர் ஒவ்வொருவரும் உடைந்த இன்சர்ட் (டூலில் மாட்டும் சிறு வெட்டுமுனை) ஒன்றையோ கெட்டுப்போன ஜாப் ஒன்றையோ கையில் கொண்டுவர வேண்டும். வாடிக்கையாளர் பெயர் சொல்லக் கூடாது, டிராயிங்கை வெளியே எடுக்கக் கூடாது. அது நம் சொத்தல்ல. துண்டை மேசைமேல் வைத்து, என்ன உலோகம், என்ன வேகம், எங்கே கெட்டது என்று சொன்னால் போதும்.

இடம்தான் பெரும்பாடு. பட்டறையிலேயே, மெஷின் பக்கத்திலேயே நடத்த வேண்டும் என்றால் முதலாளிகள் சம்மதிக்க வேண்டும். “வெளி ஆட்களை உள்ளே விட்டால் என் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், சார்” என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். பயத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல செட்டரைத் தயார்செய்ய அவருக்கு இரண்டு மூன்று வருடம் ஆகிறது. பக்கத்துத் தெருவில் மாதம் மூவாயிரம் கூடக் கொடுத்தால் போய்விடுகிறான். கூட்டத்துக்குள் சம்பளமும் காலியிடமும் பேசக் கூடாது என்று விதி வைத்தோம். வெளியே டீக்கடையில் பேசுவார்கள். அதை நான் தடுக்கப் போவதில்லை. தடுக்க எனக்கு என்ன உரிமை? அந்தப் பயத்துக்கு நல்ல சம்பளம்தான் மருந்து என்பதை அவரிடமும் சொன்னேன். சிரித்துக்கொண்டே பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் உள்ள தன் பட்டறையை ஞாயிறு காலைக்குத் திறந்துவிட்டார்.

முதல் நாள் மேசைக்கு வந்தது உள்ளே துளை கடைந்த ஒரு ஜாப். உள்விட்டம் முழுக்க வரிவரியாக அதிர்வுத் தழும்பு. கொண்டுவந்த பையன் மெருகு போதவில்லை என்று முனை ஆரம் (முனை வளைவின் ஆரம்) 0.4 மி.மீ. இருந்த இன்சர்ட்டை எடுத்துவிட்டு 0.8 போட்டிருக்கிறான். கணக்குப்படி அவன் செய்தது சரி. சுற்றுக்கு 0.2 மி.மீ. ஊட்டத்தில் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) 0.4 ஆரம் விடும் மேடுபள்ளம் ஏறத்தாழ 12.5 மைக்ரான், 0.8 ஆரம் என்றால் அதில் பாதி. ஆனால் ஆரம் பெருத்தால் இன்சர்ட்டைத் தாங்கித் துளைக்குள் போகும் போரிங் பாரைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் கூடும். அவன் வெட்டும் ஆழமோ 0.3 மி.மீ. முனை ஆரத்தைவிடக் குறைவு; அதனால் அந்தத் தள்ளல் இன்னும் அதிகம். போதாததற்கு 16 மி.மீ. எஃகு பாரை 90 மி.மீ. வெளியே நீட்டியிருந்தான், விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் போனால் அது ஆடத்தான் செய்யும். ஓசூர்க்காரர் ஒருவர், எங்களுக்கெல்லாம் அண்ணா, எஃகு மேசைமேல் சாக்கட்டியால் படம் போட்டுக் காட்டினார். இன்னொருவர், பாரைக் குறைக்க முடியாது, ஜாப் அவ்வளவு ஆழம் என்று மறித்தார். கார்பைடு பார் வாங்கச் சொன்னால் முதலாளி என்ன சொல்வார் என்று மூன்றாமவர். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. பேச்சு கன்னடத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்து, ஒடியா பையன்களுக்காக இந்திக்குப் போய்த் திரும்பியது. பையன் கடைசியில் 0.4-க்கே திரும்பி ஊட்டத்தைக் குறைப்பது என்று முடிவுசெய்தான்.

அடுத்த மாதம் ஜி96. வெட்டுவேகம் மாறாமல் வைக்கும் கட்டளை அது. ஜாப்பின் முகப்பைச் சமமாக வெட்டும் பேசிங்கில் டூல் நடுமையத்தை நெருங்க நெருங்க ஸ்பிண்டில் வேகம் ஏறிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 200 மீட்டர் என்று வைத்தால், 50 மி.மீ. விட்டத்தில் 1,270 சுற்று, 5 மி.மீ.யில் 12,700 கேட்கும். ஜி50 போட்டு உச்சவரம்பு கட்டாமல் விட்டால் மெஷின் தன் எல்லைவரை ஏறும். அந்த வேகத்தில், ஜாப்பைக் கவ்வியிருக்கும் சக்கின் பிடி தளரும். எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனாலும் பழைய புரோகிராமை நகலெடுக்கும்போது அந்த ஒரு வரி விட்டுப்போவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அன்று எத்தனை பேர் கை தூக்கினார்கள் தெரியுமா? ஓட்டல் கூடத்தில் ஒரு கையும் எழுந்திருக்காது.

செலவு டீயும் பன்னும்தான். ஸ்பான்சர் தருகிறேன் என்று டூல் கம்பெனிக்காரர் வந்தார். உடைந்த இன்சர்ட்டோடு வாருங்கள், மற்றவர்களைப்போல உட்காருங்கள் என்றோம். நல்ல மனிதர்; வந்தார், தன் கம்பெனி இன்சர்ட் ஏன் உடைந்தது என்று நாங்கள் கேட்டதற்குப் பதிலும் சொன்னார்.

இப்போது ஊரின் தென்கோடித் தொழிற்பேட்டையான பொம்மசந்திராக்காரர்களும் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு ஆர்.வி. ரோட்டில் ஒருமுறை மாறினால் பீன்யா வந்துவிடலாம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையும் அவ்வளவு தூரம் ரயிலில் உட்காரச் சொல்ல எனக்கு மனமில்லை. அங்கேயே ஒரு பட்டறையைப் பிடியுங்கள், முதல் கூட்டத்துக்கு நாங்கள் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். எங்களுக்கு வரும் மாதம் மரை வெட்டும் கட்டளையான ஜி76: ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மரை கிழிகிறது என்று ஒருவர் துண்டுகளோடு வருகிறார். ஃபானுக் கன்ட்ரோலில் அந்தக் கட்டளையை இரண்டு வரியாக எழுதிப் பழகியவர்கள் வந்தால் நல்லது.