பக்கத்து சீட்

"நான் பயப்படலையே" என்றார் அந்த அம்மா. குரலில் கோபமெல்லாம் இல்லை. பில்லில் தப்பாக ஏறிவிட்ட ஒரு தொகையைச் சுட்டிக்காட்டுகிற மாதிரி, நிதானமாகத்தான் சொன்னார். "இல்ல மேடம், பொதுவா சொன்னேன்" என்று நான் இழுத்தேன். "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

நடந்தது அவ்வளவுதான். விபத்து இல்லை, சண்டை இல்லை, வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய சொகுசு கார் விற்கிற கடையில் இதைவிட மோசமான பேச்செல்லாம் தினமும் காதில் விழும், சாயங்காலம் டீ குடிப்பதற்குள் மறந்தும் போகும். இது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

வண்டி 2018 போர்ஷே 718 கேமன். பேஸ் மாடல், அதாவது இருப்பதிலேயே கீழ் வகை. எங்கள் தொழிலில் 'பேஸ்' என்று சொல்லும்போது குரல் தானாகவே கொஞ்சம் இறங்கிவிடும். அதற்கு மேலே உள்ள எஸ் மாடலில் 2.5 லிட்டர் இன்ஜின், 350 குதிரைத்திறன். பேஸில் 2 லிட்டர், 300. 2016-இல் 718 என்ற பெயரோடு வந்தபோது, அதுவரை இருந்த ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் டர்போவை வைத்தார்கள். பழசைவிட பவர் கூடியது, சத்தம்தான் போச்சு என்று இன்றைக்கும் புலம்புகிறவர்கள் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் கடைக்குள் நுழைந்ததும் நேராக வண்டியின் பின்பக்கம் போய்க் குனிவார்கள். சைலன்சர் குழாய் நடுவில் ஒன்றே ஒன்று இருந்தால் பேஸ், வட்டமாக இரண்டு இருந்தால் எஸ். ஒன்றைப் பார்த்ததும் "ஓ..." என்பார்கள். எவ்வளவு குறைத்துக் கேட்கலாம் என்ற கணக்கு அந்த "ஓ"விலேயே ஆரம்பித்துவிடும்.

அந்த அம்மாவின் கணவர் குனியவில்லை. பெங்களூர் பீன்யாவில், கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைக் கடைகிற சிஎன்சி மெஷின்கள் போட்டுத் தொழில் செய்கிறவர். ஐம்பது வயது இருக்கும். என்னிடம் கன்னடத்தில் பேசிவிட்டு மனைவி பக்கம் திரும்பித் தமிழில் ஏதோ சொன்னார். சேலம் பக்கத்துத் தமிழ். "நானும் தர்மபுரிதான் சார்" என்றேன். "அப்படியா, சந்தோஷம்" என்றாரே தவிர, அதை வைத்து விலையில் எதுவும் கேட்கவில்லை. அதுவே எங்கள் கடையில் அபூர்வம்.

கேமனைக் காட்டும்போது ஒரு வழக்கமான வேடிக்கை உண்டு. முன்பக்கம் திறந்தால் டிக்கி, பின்பக்கம் திறந்தாலும் டிக்கி. "அப்போ இன்ஜின் எங்கப்பா?" என்று கேட்காதவர் இல்லை. இன்ஜின் சீட்டுக்குப் பின்னால் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரிவது பின் டிக்கி ஓரத்தில் ஆயிலுக்கும் கூலன்டுக்கும் இருக்கிற மூடிகள் மட்டும்தான். இவர் அதையும் கேட்கவில்லை. பின் டிக்கியைத் திறக்கச் சொன்னார், அந்த மூடிகளைப் பார்த்தார், மூடிவிட்டார். பெரிய மெஷின் வாங்கப் போகும்போதும் இப்படித்தான் இருப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியில் இருப்பது இரண்டே சீட். டெஸ்ட் டிரைவ் என்றால் கடை ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அது கடைச் சட்டம், இன்சூரன்ஸ் பிரச்சினையும் இருக்கிறது. ஆகவே ஓட்டுகிறவர் பக்கத்தில் நான். "மேடம், நீங்க உள்ள ஏசியில உட்காருங்க, அரை மணி நேரத்துல வந்துடுவோம்" என்றேன். இதை எல்லா மேடத்திடமும் சொல்லுவேன். அவரும் "சரி" என்றார்.

கணவர் ஓட்டியதைச் சொல்ல வேண்டும். போர்ஷேயில் சாவி போடுகிற இடம் ஸ்டீயரிங்குக்குக் கதவு பக்கம், அதாவது நம்மூர் வண்டியில் வலது கைப்பக்கம். முதல் தடவை உட்காருகிறவர்கள் எல்லாரும் இடது பக்கம் துழாவுவார்கள், நான் சொல்லித் தருவேன், அங்கேயே பாதி மிரட்சி வந்துவிடும். இவர் பார்க்காமலே வலது கையால் சாவியைப் போட்டுத் திருப்பினார். கேட்டைத் தாண்டினதும் சர்வீஸ் ரோட்டில் பெரிய ஹம்ப் ஒன்று, அதாவது வேகத்தடை, இருக்கிறது. இந்த மாதிரி தாழ்ந்த வண்டியை அதில் நேராக ஏற்றினால் அடி தட்டும். "சார், கிராஸா..." என்று நான் வாயெடுப்பதற்குள் ஸ்டீயரிங்கை ஒடித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கிவிட்டார். இதுவரை இந்த வண்டியில் உட்கார்ந்ததே இல்லை என்று அவர்தான் சொல்லியிருந்தார். வருஷக்கணக்கில் மனசுக்குள்ளேயே ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்.

சில்க் போர்டு பக்கம் மேம்பாலம் ஏறினால் எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் பத்து கிலோமீட்டர், சிக்னல் கிடையாது, ஹம்ப் கிடையாது. 2010-இல் திறந்த பாலம். ஐடி கம்பெனிக்குப் போகிறவர்களுக்காகக் கட்டியது என்பார்கள், எங்களை மாதிரி டெஸ்ட் டிரைவ் ஆட்களுக்காகத்தான் கட்டினார்கள் என்று நான் சொல்லுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டமில்லை. பாதி தூரம் வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் முன்னால் நீளமாகக் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். டர்போ வண்டி என்பதால் கால் கணம் தயக்கம், 2,000 ஆர்பிஎம் தாண்டினதும் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற வேகம். இந்த வண்டி நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட ஐந்து விநாடி முழுசாக ஆகாது. இவருக்கு மூன்று விநாடி போதுமாக இருந்தது. காலை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

வாய்விட்டுச் சிரித்தார். அதில் என்னைப் பார்த்துச் சிரிப்பதோ, எனக்குக் காட்டுவதோ எதுவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்ற முடியாமல் ஒற்றை விரலை உள்ளே விட்டுத் துடைத்துக்கொண்டார். நான் மீட்டரைப் பார்ப்பது போல இருந்துவிட்டேன். மறுபடி மிதிப்பார் என்று நினைத்தேன், மிதிக்கவில்லை. டோலுக்கு முன்னால் லேன் மாறும்போது இண்டிகேட்டர் போட்டார். பெங்களூரில் அதையும் தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்தோம். மேனேஜர் கேபினுக்குள் அவரை அழைத்துக்கொண்டு போனார். நான் பதிவேட்டை நிரப்ப உட்கார்ந்தேன். பழைய கார் வியாபாரிக்கும் ஆர்டிஓ அங்கீகாரம் வேண்டும் என்று 2023 ஏப்ரலில் விதி வந்த பிறகு, வண்டி வெளியே போன ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும். எதற்காகப் போனது, யார் ஓட்டினார், எத்தனை மணிக்கு, எத்தனை கிலோமீட்டர். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த அம்மா எதிர் சோபாவிலிருந்து கேட்டார்:

"எப்படி ஓட்டினார்?"

"சூப்பரா ஓட்டினார் மேடம். ரொம்ப நிதானம். பயப்பட ஒண்ணுமே இல்ல."

அதற்குத்தான் அந்தப் பதில்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்லவில்லை. நிதானமாகத்தான் ஓட்டினார். சேர்ந்த புதிதில் எனக்குச் சீனியர் ஒருவர் சொல்லிக்கொடுத்த பாடம்: ஆம்பளை கேட்டால் பவரைப் பேசு, கூட வந்த அம்மா கேட்டால் ஏர்பேகைப் பேசு. கேட்கக் கேவலமாக இருக்கிறது, ஆனால் பத்துக்கு எட்டுத் தடவை அதுதான் வேலை செய்கிறது. இரண்டு சீட் வண்டி வாங்க வருகிறவரின் வீட்டில் என்ன கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். வேகம், பிள்ளைகள், லோன், இந்த வயசில் இது தேவையா. கேள்வி வருவதற்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பதற்குத்தான் சம்பளம்.

முதலில் அந்த அம்மா பணத்துக்காகக் கேட்டார் என்று நினைத்தேன். அதாவது, "ஓட்டத் தெரியலை, வேண்டாம்னு சொல்லுங்க" என்று நான் சொல்ல வேண்டும் என எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் சொன்ன விலைக்கு ஓசூரில் வீடே வாங்கலாம். புதுசாக இருந்தபோது ஷோரூம் விலையே 80 லட்சத்துக்கு மேல், கர்நாடகாவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதன் மேல் செஸ் தனி. இப்படி யோசித்தால் என் பதில் சரிதான். ஒருவருக்கு ஓட்டத் தெரியும்போது தெரியாது என்று நான் எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் இந்தக் கணக்கு நிற்கவில்லை. அவர்கள் தொழிலில் கணக்கு வழக்கு முழுக்க அந்த அம்மாதான் பார்க்கிறார் என்று வரும்போதே கணவர் சொல்லியிருந்தார். "ஜிஎஸ்டி இவங்க ஃபைல் பண்ணினாத்தான் எனக்குத் தூக்கம்." செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் வேண்டாம் என்று சொல்ல என் தயவு எதற்கு?

அப்புறம் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் வந்த இன்னோவாவை வரும்போதும் போகும்போதும் ஓட்டியது அந்த அம்மாதானாம். இதைக் கேட்டதும் கூட வேலை செய்கிற பையன் பிடித்துக்கொண்டான். "அப்போ அவங்களுக்கும் ஓட்டிப் பார்க்க ஆசை இருந்திருக்கும். நீ ஏன் கேட்கல?" எனக்கு எரிச்சலாக வந்தது. ஃபாரத்தில் இருந்தது கணவர் பெயர், எங்களிடம் இருந்தது கணவர் லைசென்ஸ் நகல். ஓட்டணும் என்றால் வாய் திறந்து கேட்கிறவர்தான் அவர், "நான் பயப்படலையே" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர். இன்னோவா ஓட்டுகிற எல்லாருக்கும் கேமன் ஓட்ட ஆசை இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்? இப்போதெல்லாம் யாருக்கு எது நடந்தாலும் 'கேட்டிருக்கலாமே' என்று சொல்ல ஒரு ஆள் தயாராக இருக்கிறான்.

அவன் சொன்னதைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. ஒருவேளை அவர் கேட்டது கேட்ட மாதிரியே இருக்கலாம். எப்படி ஓட்டினார்? இருபது வருஷமோ முப்பது வருஷமோ கூட இருக்கிற மனுஷர், இத்தனை நாள் மனசில் வைத்திருந்த ஒரு காரியத்தைச் செய்கிறார். அந்த நேரத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க இருந்தது ஒரே ஒரு சீட், அதில் நான் உட்கார்ந்திருந்தேன். அதைத்தான் கேட்டார் என்றால், "சிரிச்சார் மேடம்" என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்கு ஒரு விநாடி ஆகியிருக்காது.

ஆனால் சொல்லலாமா? அந்த இடத்தில் நான் மாட்டிக்கொள்கிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பார்க்காதது இல்லை. கை நடுங்குகிறவர்கள், வியாபாரம் படுத்துப்போன கதையைச் சொல்லுகிறவர்கள், வாங்க முடியாது என்று தெரிந்தே வந்து ஒரு ரவுண்டு போய்விட்டு மன்னிப்புக் கேட்கிறவர்கள். அதையெல்லாம் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவேன். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை, அவர் கேபினுக்குள் இருக்கும்போது, அவர் வீட்டு ஆளிடமே ஆனாலும், நான் சொல்லுவது முறையா? அவருக்குச் சொல்லத் தோன்றினால் அவரே இன்னோவாவில் போகும்போது சொல்லிக்கொள்வார். இந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதுதான் சந்தேகமாகவும் இருக்கிறது. ஏனென்றால் அந்த நிமிஷத்தில் நான் யாருடைய மரியாதையையும் காப்பாற்றவில்லை. பதிவேட்டில் கிலோமீட்டரை எழுதிக்கொண்டே, பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

அவர்கள் வாங்கவில்லை. சில நாள் கழித்து நானே கூப்பிட்டேன். "இப்போ வேண்டாம்னு இருக்கோம், பார்க்கலாம்" என்றார் கணவர். 'இருக்கோம்' என்றார், 'இருக்கேன்' இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விலையைக் குறைக்கிறேன் என்று சொல்ல வேண்டிவரும், மேனேஜர் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். அந்த வண்டியைக் கொச்சியிலிருந்து ஒருவர் வீடியோ காலிலேயே பார்த்து வாங்கிவிட்டார், டெஸ்ட் டிரைவே கேட்கவில்லை. லாரியில் ஏற்றி அனுப்பினோம்.

இரண்டு சீட் வண்டி என்றால், கணவன் ஓட்டுவதற்கு முன்னால் நானே கூட வந்தவரை ஒரு சுற்று அழைத்துப் போகட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "பெட்ரோல் உங்கப்பன் வீட்டுதா?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். அப்புறம் ஒரு பிஎம்டபிள்யூ இசட்4 வந்தது, அதுவும் இரண்டு சீட். பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். இந்தத் தடவை முன்னாடியே, "மேடம், நீங்களும் ஓட்டிப் பார்க்கறீங்களா?" என்றேன். "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம், அந்த ஏசியைக் கொஞ்சம் கூட்டிவிடு" என்றார். கணவர் ஓட்டிவிட்டு வந்து கேபினுக்குள் போனார். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. போனில் யாருக்கோ சாம்பார் பொடி அளவு சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடித்து வைத்ததும், "சார் நல்லா ரசிச்சு ஓட்டினார் மேடம்" என்று நானாகவே சொன்னேன்.

"அவரா?" என்றார். "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"