நெறி கட்டினால் முதலில் காலைப் பாருங்கள்

களையெடுக்கும்போது காலில் முள் குத்தியிருக்கும். இரண்டு நாளில் கவட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டால் வலி, உடம்பு காயும். நெறி கட்டியிருக்கு என்போம். உடனே ஆச்சி சுண்ணாம்பைத் தேடுவாள். இன்னொருவர் தேய்த்து அமுக்கிவிடுவார். இரண்டும் வேண்டாம். கோளாறு பாதத்தில் இருக்கிறது.

ரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் நேராக ரத்தத்துக்குத் திரும்புவதில்லை. வயலில் மிஞ்சிய தண்ணீர் வடிகாலில் இறங்குவதுபோல, அது நிணநீர்க் குழாய்களில் இறங்கி, கடைசியில் கழுத்தடியில் உள்ள பெரிய சிரைகளில் கலக்கிறது. வழியில் மடைகள்போல நூற்றுக்கணக்கான நிணநீர் முடிச்சுகள். அங்கே காத்திருக்கும் வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறந்தவை. அவற்றில் டி அணுக்கள் மட்டும் நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவப்பட்டு வருகின்றன. முள்ளோடு நுழைந்த கிருமி மடைக்கு வந்ததும், அதை அடையாளம் காணும் அணுக்கள் பல மடங்கு பெருகும். வீக்கம் அதனால்தான்.

ஆகவே நெறி எங்கே கட்டியிருக்கிறதோ, அதற்கு நீர் வடியும் பக்கத்தைத் தேடணும். கவட்டில் என்றால் கால், பிட்டம், பிறப்புறுப்பு. அக்குளில் என்றால் கை, மார்பகம். தாடைக்கடியில் என்றால் சொத்தைப் பல், தொண்டை. பிள்ளைகளுக்குப் பின்கழுத்தில் என்றால் தலையைப் பாருங்கள்; பேன் கடியைச் சொறிந்த புண் இருக்கும்.

முள்ளை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்துவிட்டு, டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சர்க்கரை நோயாளிக்குக் கோடு வரும்வரை காத்திருக்கவே கூடாது.

காய்ச்சலும் நெறியும் இருந்து, காலில் புண்ணே இல்லையா? கவட்டு, அக்குள், இடுப்புக் கயிறு படும் இடம் எல்லாம் பாருங்கள். பீடி நெருப்புச் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலாக இருக்கலாம். புதர்களில் இருக்கும் பொடி உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. வலிக்காது என்பதால் பலர் கவனிப்பதில்லை. டாக்டரிடம் அந்தப் பொருக்கைக் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் என்ற மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் நன்றாகக் கேட்கும்.

வலிக்கிற நெறியைவிட வலிக்காத நெறிக்குத்தான் பயப்படணும். 2 சென்டிமீட்டருக்கு மேல், கல்போல, அசையாமல், மாதமாகியும் வற்றாமல் இருந்தால், கூடவே சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால், காசநோயா புற்றுநோயா என்று ஊசியால் உறிஞ்சிப் பரிசோதிக்கணும். இடது காறையெலும்புக்கு மேலே தட்டுப்படுகிற கட்டி மட்டும் எவ்வளவு சிறியதானாலும் காட்டிவிடுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் புற்று முதலில் அங்கே தெரிவதுண்டு.